வாசகர் கேள்வி – பதில்: ஊர்த் தொடக்கப் பள்ளியில் என்ன மாறியிருக்கிறது?

தொடக்கப் பள்ளிகளைப் பற்றி வாசகர்கள் கேட்க விரும்புவதை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு, இந்தச் சீமையின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்.

கேள்வி: நான் பீடி சுற்றிப் பிழைப்பவள். மூத்தவனை டவுனில் உள்ள ஆங்கிலப் பள்ளிக்கு வேனில் அனுப்புகிறோம். கட்டணம் கட்டி மாளவில்லை. இளையவளை ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்துவிடலாம், இப்போது பள்ளி நன்றாக மாறியிருக்கிறது என்று என் மாமியார் சொல்கிறார். சுவரில் பெரிய டி.வி. கூட மாட்டியிருக்கிறார்கள். ஆனால் நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே படிப்பு நடக்கிறதா? நம்பிச் சேர்க்கலாமா? (ஒரு தாய், முக்கூடல்)

பதில்: அம்மா, சேர்க்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு நாள் பள்ளிக்குள் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள். என்ன பார்க்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பிள்ளைகள் அட்டையும் கையுமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு உங்களுக்கு வந்த ஐயம் ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது. 1990களில் மானூர்ப் பக்கம் ஓர் ஊரில் நான் வேலை பார்த்தபோது, இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுவன் பாடப் புத்தகத்தை வரி பிசகாமல் உரக்க வாசிப்பான். ஒரு நாள் வேப்பமரத்தடியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது காற்றில் அவனுடைய புத்தகத்தின் பக்கம் புரண்டுவிட்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை. புதிய பக்கத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே பழைய பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தான். விரல் நின்ற இடத்தில் இருந்த சொல் ‘ஆடு’. வாய் சொல்லிக்கொண்டிருந்ததோ மழையைப் பற்றி. அவனுக்கு எழுத்துத் தெரியாது என்பதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். அதுவரை அவனை வகுப்பின் நல்ல மாணவர்களுள் ஒருவனாக எண்ணியிருந்தேன். ஒருவர் சொல்ல மற்றவர் கூவும் பழைய முறையில் இப்படி எத்தனை பிள்ளைகள் என் கண்ணுக்குத் தப்பிப் போனார்கள் என்று நினைத்தால் இன்றும் மனம் கலங்குகிறது.

அந்தப் பழைய முறையை மாற்றுவதற்கு இரண்டு பெரிய முயற்சிகள் நடந்தன. முதலாவது, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி 2007–08 வாக்கில் மாநிலம் முழுவதற்கும் வந்த செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளை தன் வேகத்தில், அட்டைகளைக் கொண்டு படிப்படியாகத் தானே செய்து கற்கும் முறை. ஏணிப்படி அட்டவணை, பாட அட்டைகள், பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், உட்கார்ந்தபடியே அவர்கள் எழுதுவதற்காகச் சுவரின் அடியில் கட்டிய கீழ்மட்டக் கரும்பலகை ஆகியவை அப்போதுதான் நம் ஊர் வகுப்பறைகளுக்குள் வந்தன. ‘அ, ஆ’ என்று தொடங்காமல், எழுத எளிதான ‘ட, ப, ம’ என்று தொடங்கி, மூன்று எழுத்து தெரிந்தவுடனேயே ‘படம்’, ‘பட்டம்’ என்று பிள்ளையை வாசிக்கவைத்தார்கள். அதைக் கண்டு, ‘அரிச்சுவடியையே மாற்றிவிட்டார்களே’ என்று சண்டைக்கு வந்த பெற்றோர்களை எனக்குத் தெரியும். அம்முறை சில பள்ளிகளில் நன்றாக வேர் பிடித்தது. ஆசிரியர் போதாத பள்ளிகளில் அட்டைகள் தட்டுகளிலேயே தூசி படிந்து கிடந்தன.

இரண்டாவது முயற்சி, நீங்கள் இப்போது பார்ப்பது. கொரோனாக் காலத்தில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. பத்தொன்பது மாதங்களுக்கு மேல் பள்ளியைக் காணாத பிள்ளைகளுள், முதல் வகுப்பில் கால் வைக்காமலேயே இரண்டாம் வகுப்புக்கு வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களைக் கைதூக்கி விடுவதற்காக மாலை நேரத் தன்னார்வலர்களைக் கொண்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபரிலும், முதல் மூன்று வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனிலும் தொடங்கப்பட்டன. பின்னது அடுத்த ஆண்டே நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாயிற்று. பாட்டு, கதை, பொம்மை, அட்டை என்று எல்லாவற்றையும் பயன்படுத்தி, ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலிருந்து கற்பிப்பதே அதன் சாரம். ஆகவே, வட்டமாக உட்கார்ந்திருக்கும் அந்த விளையாட்டுக்குள்தான் படிப்பு இருக்கிறது.

இனி, நீங்கள் பார்க்க வேண்டியவை. ஆசிரியையிடம் அனுமதி கேட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை உங்கள் அருகில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பாடப் புத்தகம் வேண்டாம். வாசிப்பு இயக்கத்திற்காகப் பள்ளிகளுக்கு வந்திருக்கும் ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற நான்கு படிகளைக் கொண்ட சிறு கதைப் புத்தகங்களுள், அந்தப் பிள்ளை இதுவரை தொடாத ஒன்றை எடுத்துக் கொடுங்கள். தடுமாறியாவது தானாக எழுத்துக் கூட்டி வாசித்து, ‘கதையில் என்ன நடந்தது?’ என்று கேட்டால் தன் பேச்சில் சொல்கிறதா என்று பாருங்கள். வகுப்பின் கெட்டிக்காரப் பிள்ளையைத்தான் முதலில் முன்னே நிறுத்துவார்கள். எல்லா ஆசிரியர்களுக்கும் அந்த ஆசை உண்டு, எனக்கும் இருந்தது. நீங்கள் பணிவாக, கடைசியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கேளுங்கள். அந்தப் பிள்ளை வாசித்தால் அது நல்ல பள்ளி.

அடுத்து, எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் இருக்கின்றன, அவற்றுள் எத்தனை காலியாக இருக்கின்றன என்று விசாரியுங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர்கள் இருக்க வேண்டும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது; ஆனால் சிற்றூர்களில் இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் பார்க்கிறார்கள் என்பதே இதன் பொருள். அவர்களுள் ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில்தான் விழும். இன்றுள்ள முன்னேற்றங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் இன்னும் தீராத குறை என்று நான் கருதுவது இதைத்தான்.

சுவரில் மாட்டியிருக்கும் திரையைப் பொறுத்தவரை, அது நல்ல கருவி. பொதிகை மலையையே கண்ணால் காணாத பிள்ளைக்குக் கடலையும் பனிமலையையும் காட்டும். ஆனால் அதை வைத்துப் பள்ளியை எடைபோட வேண்டாம். ஆங்கில வழிப் பிரிவு வேண்டுமென்றால், 2012–13 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றிலும் அது இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் உண்டா என்று கேளுங்கள். என் அனுபவத்தில், தமிழில் தடையின்றி வாசிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் பின்னால் வந்து சேர்ந்துவிடுகிறது. இரண்டிலும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்குத்தான் இரண்டும் பாரமாகின்றன. அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவப் படிப்பில் கிடைக்கும் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கும், கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பு முதலான படிப்பையே கணக்கில் கொள்கிறார்கள். எனவே தொடக்கப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது அதை எண்ணிக் குழம்ப வேண்டியதில்லை.

கேள்வி: என் மூன்றாம் வகுப்பு மகளை ‘அரும்பு’ நிலையில் வைத்திருக்கிறார்கள். அவளோடு படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ‘மலர்’ நிலையில் இருக்கிறது. தெருவில் கேலி செய்வார்களோ என்று என் மனைவி அழுகிறாள். ஆசிரியரிடம் சொல்லி மாற்றச் சொல்லலாமா? (ஒரு தந்தை, ராதாபுரம்)

பதில்: தயவு செய்து மாற்றச் சொல்லாதீர்கள். முன்பு நான் சொன்ன ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் வரும் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகள் பிள்ளைக்குக் கொடுத்த பட்டங்களல்ல. இன்றைக்கு எந்தப் படியிலிருந்து கற்றுக்கொடுக்கத் தொடங்க வேண்டும் என்று ஆசிரியர் தமக்காகப் போட்டுக்கொண்ட அடையாளங்கள். அரும்பு நிலையில் உள்ள பிள்ளைக்கு அதற்குரிய பயிற்சி நூல் கிடைக்கிறது. எழுத்தும் எண்ணும் அடியிலிருந்து சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. நீங்கள் வற்புறுத்தி மலர் நிலைக்கு மாற்றினால், தனக்குப் புரியாத பக்கங்களின் முன்னால் அவள் நாள் முழுவதும் மௌனமாக உட்கார்ந்திருப்பாள். முந்தைய பதிலில் நான் சொன்ன சிறுவனும் அப்படித்தான் ஒளிந்துகொண்டிருந்தான்.

ஆனால் உங்கள் மனைவியின் கண்ணீரை நான் அலட்சியப்படுத்தவில்லை. குழுவின் பெயரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுவதும், ‘அரும்பெல்லாம் இந்தப் பக்கம் வாங்க’ என்று எல்லோர் முன்னிலையிலும் பிரிப்பதும் தவறு. அவ்வாறு நடந்தால் ஆசிரியரிடம் தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, மாதம் ஒரு முறை போய், ‘என் மகளுக்கு இப்போது எந்த எழுத்து தடுக்கிறது, எந்தக் கணக்கு தடுக்கிறது?’ என்று கேளுங்கள். ‘நல்லாப் படிக்கிறாள்’ என்ற பொதுவான பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். ‘ல, ழ, ள மூன்றும் குழம்புகிறது’, ‘கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் நிற்கிறாள்’ என்பவைபோலக் குறிப்பான பதில் கிடைத்தால், வீட்டில் கால் மணி நேரம் நீங்களே உதவ முடியும். கழித்தல் கணக்குக்குப் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கட்டிவைத்து, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டுங்கள். கரும்பலகையில் விளங்காதது தரையில் விளங்கிவிடும்.

கேள்வி: காலை உணவு எல்லாப் பள்ளிகளிலும் உண்டா? எங்கள் ஊரில் இருப்பது அரசு உதவி பெறும் பள்ளி. (வாசகர், நாங்குநேரி)

பதில்: உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், முதலில் 1,545 பள்ளிகளில் நடந்தது. 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டு 26 முதல் நகரப் பகுதிகளின் உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது வந்துவிட்டது. உதவி பெறும் பள்ளிகள் தெருவுக்குத் தெரு இருக்கும் நம் பகுதிக்கு, பின்னைய இரண்டு விரிவாக்கங்களும் பெரிய நன்மை. அதுவரை, ஒரே தெருவில் ஒன்றியப் பள்ளிப் பிள்ளை சாப்பிடும். எதிர்ப்பக்கத்து உதவி பெறும் பள்ளிப் பிள்ளை பார்த்துக்கொண்டு போகும் நிலை இருந்தது.

ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்பது அளவு. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாள்வாரியாக மாறும். ஊரின் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களே சமைக்கிறார்கள்.

இந்தத் திட்டத்தின் அருமை என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். பீடி இலை வெட்டத் தாய் விடியுமுன்னே உட்கார்ந்துவிடுவாள். பழைய சோறு இருந்தால் உண்டு, இல்லையென்றால் பிள்ளை ஒரு தம்ளர் கடுங்காப்பியோடு பள்ளிக்கு வந்துவிடும். காலை வணக்கக் கூட்டத்தில் வெயில் ஏறியவுடன் மயங்கிச் சரியும் பிள்ளைகளைத் தாங்கிப் பிடிப்பதற்கென்றே வரிசையின் பின்னால் ஒருவர் நிற்போம். மூன்றாவது பாடவேளையில் தலையைச் சுவரில் சாய்த்துக்கொள்ளும் பிள்ளையை, ‘தூங்குமூஞ்சி’ என்று அதட்டியிருக்கிறேன். அது பசி என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. 1950களில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது நம்முடைய பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த எட்டயபுரத்தில்தான். அந்த மண்ணில் மதியத்துக்குப் போட்ட அடுப்பு, காலைக்கும் மூட்டப்படுவதற்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

கேள்வி: எங்கள் பள்ளியின் பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். பிள்ளைகள் சமுதாய நலக்கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள். புதிய கட்டடத்துக்கு யாரைக் கேட்பது? தலைமையாசிரியரைக் கேட்டால், ‘என் கையில் இல்லை’ என்கிறார். (வாசகர், களக்காடு)

பதில்: தலைமையாசிரியர் சொல்வது உண்மை. பாடம் கற்பிப்பது கல்வித் துறையின் பொறுப்பு. ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடமோ ஊராட்சி ஒன்றியத்தினுடையது. ஆகவே வட்டாரக் கல்வி அலுவலரிடம் மட்டும் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் காலம்தான் போகும். வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கொடுக்க வேண்டும்.

பழைய கட்டடங்கள் ஏன் இத்தனை வேகமாக இடிக்கப்பட்டன என்பதை நாம் மறக்கக் கூடாது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி நகரில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகே மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டு, பழுதானவை இடிக்கப்பட்டன. இடித்தது முழுக்கச் சரி. ஆனால் இடித்த வேகத்தில் எல்லா ஊர்களிலும் கட்டப்படவில்லை என்பதும், நீங்கள் எழுதியிருப்பதுபோல் இன்னும் சில இடங்களில் பிள்ளைகள் கூடங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் வருத்தத்துக்குரியவை. திருமண முகூர்த்த நாளில் கூடத்தைக் காலி செய்துகொடுத்துவிட்டுப் பிள்ளைகள் அரசமரத்தடிக்குப் போனதை நானே ஓர் ஊரில் பார்த்தேன். கல்யாண வீட்டார் பந்தி போட்டுக்கொண்டிருக்க, மரத்தடியில் வாய்ப்பாடு நடந்தது.

ஒன்றியப் பள்ளிகளுக்குப் புதிய வகுப்பறைகள் பெரும்பாலும் குழந்தைநேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் கட்டப்படுகின்றன. நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, மாணவர் எண்ணிக்கை, தேவைப்படும் வகுப்பறைகள், இடித்த தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டுத் தீர்மானம் போடுங்கள். அடுத்து வரும் கிராம சபையில், அதாவது சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களுள் முதலில் வருவதில், அதே தீர்மானத்தை நிறைவேற்றச் செய்யுங்கள். இரண்டின் நகல்களையும் இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தனி ஒருவர் கொடுக்கும் மனுவைவிடக் கிராம சபைத் தீர்மானத்துக்குக் கனம் அதிகம்.

புதிய கட்டடம் எழும்போது இரண்டு காரியங்களில் கண்ணாயிருங்கள். தரைமட்டத்தைத் தெருவைவிட நன்றாக உயர்த்தச் சொல்லுங்கள்; 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதைச் சொல்ல யாரும் தயங்க வேண்டியதில்லை. கழிப்பறைக்குத் தண்ணீர் வரும் குழாய் இருக்கிறதா என்று திறப்பு விழாவுக்கு முன்பே திறந்து பாருங்கள்.

கேள்வி: என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். நான் என்ன செய்ய முடியும்? (வாசகி, வள்ளியூர்)

பதில்: நிறையச் செய்ய முடியும், தாயே. இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் யாருடைய தயவாலும் அங்கே உட்காரவில்லை. தீர்மானத்தைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை தொடர்ந்து பள்ளிக்கு வரவில்லையென்றால், ஆசிரியர் வருவதற்கு முன்பே அந்த வீட்டுப் படியில் நிற்கக் கூடியவர் நீங்கள்தான். சொல்லியும் தீராத குறை இருந்தால் கல்வித் துறையின் 14417 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம்.

கேள்வி: பேத்திக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. வெள்ளத்தில் வீட்டிலிருந்த காகிதம் எல்லாம் போய்விட்டது. பிறப்புச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. முதல் வகுப்பில் சேர்ப்பார்களா? (ஒரு பாட்டி, ஸ்ரீவைகுண்டம்)

பதில்: கட்டாயம் சேர்க்க வேண்டும், அம்மா. ஜூலை 31ஆம் தேதிக்குள் ஐந்து வயது நிறைந்திருந்தால் போதும். வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு போனாலும் மறுக்கக் கூடாது என்பது 15ஆம் பிரிவு. சான்றிதழை வாங்கும் வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். பேத்தியைக் கையைப் பிடித்து நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். காலை எட்டு மணி வாக்கில் போனீர்களானால், பெயரைப் பதிவேட்டில் எழுதுவதற்குள் அவள் மற்றப் பிள்ளைகளோடு தட்டை ஏந்தி வரிசையில் நின்றுவிடுவாள்.